அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும்

கட், கட். இரண்டு தடவை. பிறகு ஓர் ஆண்குரல் எதையோ நீட்டிச் சொல்லி, கடைசியில் மேலே தூக்கி நிறுத்தியது. மறுபடி கட், கட். மரத்தோடு மரம் மோதுகிற சத்தம் என்பதுவரை சொல்ல முடிகிறது, அதற்கு மேல் தெரியவில்லை. மணி ஏழரைகூட ஆகவில்லை, ஆனால் இங்கே ஜப்பானில் டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடுவதால் ஏழரை எனக்கு நடுச்சாமம். இதழினி மெத்தையில் குப்புறக் கிடந்து தூங்குகிறாள், ஏழு மாதம், வாயோரம் பால் காய்ந்திருக்கிறது. பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் கூர்க்கா கரண்ட் கம்பத்தில் தடியால் தட்டிக்கொண்டு போவார், அந்தச் சத்தம் வந்தால்தான் எனக்குத் தூக்கமே பிடிக்கும். அவர் முகம் தெரியும். அப்பாவின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலிலும் சிரித்துக்கொண்டு வருவார். இந்தச் சத்தத்துக்கு முகம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எழுதிப் பார்க்கிறேன், எழுதினால் சின்னதாகத்தான் தெரிகிறது. கட், கட். இன்னும் தூரத்தில்தான். சந்தின் முனையில், நாவிதர் கடையின் சுழலும் விளக்குப் பக்கம் இருக்கலாம். எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட வேண்டும். போட மாட்டேன் என்றும் எனக்குத் தெரியும்.

கான்வென்டில் கடைசி மணிக்குப் பத்து நிமிடம் முன்பு சிஸ்டர் லியோனி எல்லோரையும் அவரவர் நோட்டில் அன்றைக்குச் செய்த தப்பை எழுதச் சொல்வார். வேதக்காரப் பிள்ளைகள், இந்துப் பிள்ளைகள் எல்லோரும் எழுத வேண்டும். யாரும் வாசிக்க மாட்டார்கள் என்பார். அவர் வாசிப்பார் என்பது எங்களுக்குத் தெரியும், அதனால் வாசிக்கத் தகுந்த தப்புகளாகப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டோம். ரப்பரைக் கேட்காமல் எடுத்தேன், ஜெபத்தின்போது கண்ணைத் திறந்தேன் என்கிற மாதிரி. இப்போது இந்த ஊரில் தமிழ் வாசிக்கிற ஆள் இரயிலில் ஐம்பது நிமிடம் போனால்தான் கிடைக்கும், அதனால் எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனாலும் கை பழைய பழக்கத்தில் சின்னத் தப்பாகவே தேடுகிறது. இன்று அம்மாவிடம் பொய் சொன்னேன். ஐந்தரைக்குக் கூப்பிட்டாள், அங்கே அவள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம்.

“தாப்பா போட்டியாட்டி?”

“மணி அஞ்சரைதாம்மா ஆகுது.”

“இருட்டிட்டுன்னு நீதான சொன்ன?”

“போட்டுட்டேன்.”

“நெசமா? எங்க, கேமராவத் திருப்பிக் காட்டு.”

“பிள்ள அழுகுதும்மா, வைக்கேன்.”

பிள்ளை அழவில்லை. தன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சாட்சி மாதிரி. பதினோரு நாளாக நான் இந்த வீட்டில் தாழ்ப்பாள் போடுவதில்லை. வாசலில் இரண்டு கண்ணாடிக் கதவுகள் ஒன்றின் பின் ஒன்று சறுக்கி ஓடும், அவை சேருகிற இடத்தில் ஒரு துளை, அதில் ஒரு பித்தளைத் திருகு. உள்ளே நின்று திருகித் திருகி முடுக்க வேண்டும். முடுக்கிவிட்டால் வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது என்று வீட்டைக் காட்டிய தரகர் பெருமையாகச் சொன்னார், அதை என் வீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார், அன்றைக்கு நானும் தலையை ஆட்டினேன். யாராலும் திறக்க முடியாது. அந்த வாக்கியம் அன்று ஒரு மாதிரி இருந்தது, பதினோரு நாளுக்கு முன்பு வேறு மாதிரி ஆகிவிட்டது.

அன்று குக்கரில் அரிசியைப் போட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். குளியலறை வாசலில் பாயை விரித்து இவளைக் கிடத்தியிருந்தேன். இந்த ஊர்த் தொட்டி கழுத்தளவு ஆழம், வெந்நீர், குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு, வெளியே கால் வைத்து நிமிர்ந்தேன். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் குறைவு என்று டாக்டரம்மா கொடுத்த மாத்திரை தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது. முதலில் சத்தம் போனது, பிறகு வெளிச்சம். கண்ணைத் திறந்தபோது கன்னம் டைல் தரையில் ஒட்டியிருந்தது. இதழினி அழுதுகொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அழுது முடித்துக் குரல் போய், வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஈரத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன், எதற்கு என்று தெரியவில்லை, அங்கே குக்கர் வெந்து முடித்து, சூடாக வைத்திருக்கிறேன் என்று சொல்லும் சின்ன ஆரஞ்சு விளக்கில் நின்றிருந்தது. சோறு வேக நாற்பது நிமிடம். குளித்த நேரம் பதினைந்து போக மீதி நேரம் நான் தரையில் கிடந்திருக்கிறேன், அதற்கு மேல் எவ்வளவு என்று குக்கருக்கும் தெரியாது. அன்றிலிருந்து நான் சோற்றைப் பார்க்கும்போதெல்லாம் கணக்குப் போடுகிறேன். இவர் மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கூப்பிடுவார். ராத்திரி எடுக்காவிட்டால் பிள்ளையோடு தூங்கிவிட்டாள் என்று நினைப்பார். மறுநாள் மத்தியானம் எடுக்காவிட்டால் கடைக்குப் போயிருப்பாள். மறுநாள் ராத்திரிதான் பயப்படுவார். பயந்து அங்கிருந்து யாரைக் கூப்பிடுவார், அவர்கள் வந்து எந்தக் கதவைத் தட்டுவார்கள். முப்பது மணி நேரம். ஏழு மாதப் பிள்ளை முப்பது மணி நேரம். இந்த இடத்தில் கணக்கு நின்றுவிடும், நின்று மறுபடி குக்கரிலிருந்து தொடங்கும். ஆகவே தாழ்ப்பாளைத் திறந்தே வைக்கிறேன். யாராவது வர வேண்டியிருந்தால் வரட்டும் என்று. திறந்து வைத்த பிறகு, யாராவது வந்துவிட்டால் என்று பயம். அதற்காக ராத்திரியானதும் வாசற்படியில், கதவை ஒட்டி, நான்கு எவர்சில்வர் டம்ளரை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவைக்கிறேன். சீராகக் கொடுத்த டம்ளர்கள், அடியில் அப்பா பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

கட், கட். குரல் இப்போது இரண்டு. ஒரு பெண்குரலும் சேர்ந்து இழுக்கிறது, அது முடிகிற இடத்தில் இது தொடங்குகிறது. இவருக்குப் போன் செய்யலாம், எடுத்தால் என்ன சொல்வது, வெளியே கட்டையால் தட்டுகிறார்கள் என்றா. கியூஷூவில் புதிய தொழிற்சாலையில் மெஷின்களை ஓட்டிக் காட்டப் போய் இருபது நாள், வர இன்னும் எட்டு. இவர் பெயர் இசக்கிராஜ், இங்கே எல்லோரும் அதை வேறு எதுவாகவோ கூப்பிடுகிறார்கள், அதற்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். எனக்கு அது வரவில்லை. கோமதி என்று யாரும் தப்பாகக்கூடக் கூப்பிடவில்லை. மத்தியானம் பேசினார்.

“என்ன கோமு, சத்தமே இல்ல?”

“சத்தம் போட ஆள் வேணும்ல.”

“பக்கத்து வீட்ல பேசிப் பழகு.”

“என்ன பாஷைல?”

“சிரி. சிரிக்கதுக்கு என்ன பாஷை?”

“அவங்க சிரிச்சா நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு குனிஞ்சு பாத்துக்கிடுதேன்.”

அதற்கு அவர் சிரித்தார். விழுந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார், இல்லையென்றால் எங்கள் இரண்டு பேரையும் விமானத்தில் ஏற்றிவிடுவார். இரண்டும் வேண்டாம் என்று தோன்றுகிறது. இங்கே பிடித்துப்போனது என்று எதுவும் இல்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, அது இன்னும் சிரமம். கடையில் மீதிச் சில்லறையை ஒரு தட்டில் வைத்து நீட்டுகிறார்கள், என் கை அவர்கள் கையில் படாமல். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிறையும். இங்கே வந்த இந்த நான்கு மாதமாக இவளை நானும் இவரும் ஊசி போட்ட நர்ஸும் தவிர ஒரு கை தொட்டதில்லை. ஊரில் பஸ் ஸ்டாண்டில் நின்றால் முன்பின் தெரியாத பொம்பிளை கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துவிட்டு, பிள்ளைக்குச் சளியா என்று என்னைத் திட்டுவாள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சோப்புப் போட்டுக் கழுவுவேன். இப்போது கழுவ ஒன்றும் இல்லை.

பெரிய தப்பை இன்னும் எழுதவில்லை. பலகை. நீல நிறத்தில், தலையில் ஒரு கவ்வி, மாட்டக் கயிறு. பத்தொன்பது நாளுக்கு முன்பு நாவிதர் குரோக்காவா கதவைத் தட்டி, இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து, நிறையப் பேசிவிட்டுப் போனார். அதில் இரண்டு மூன்று தாள்கள், படங்கள், கட்டம் போட்ட அட்டவணை. ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுப்பது போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏனென்றால் இந்தச் சந்திலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பொருள் அது. அடுப்படி ஆணியில் மாட்டினேன். கவ்வி நல்ல இறுக்கமாக இருந்ததால் இவளுடைய எச்சில் துணிகளை அதில் காயப் போட்டேன். இன்று சாயங்காலம் ஒரு துணி நழுவி விழுந்தது, எடுக்கும்போது சும்மா போன் கேமராவை அந்தத் தாளின் மேல் காட்டினேன், எழுத்துகள் நெளிந்து தமிழாயின. படித்தபின் முத்திரையிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும். கீழே வீடுகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் சின்னச் சிவப்பு முத்திரை, எங்களுடையது வரை. எங்கள் கட்டம் வெறுமை. அதற்குக் கீழே ஒரே ஒரு வீடு, அசானோ, பக்கத்து வீட்டுக்காரி, அதுவும் வெறுமை. அதற்குப் பிறகு பலகை குரோக்காவாவுக்கே திரும்ப வேண்டும். பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் சர்க்குலர் கொண்டுபோனவள் நான். ஐந்தாம் வகுப்பு ஏ செக்ஷனில் மிஸ் கையெழுத்துப் போட்டதும் பி செக்ஷன், பிறகு சி, கதவருகில் நின்று எக்ஸ்க்யூஸ் மீ மிஸ், சர்க்குலர், என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ஒரு நாளும் நடுவில் நிறுத்தியதில்லை. அதே பொருள் ஆணியில் பத்தொன்பது நாள் தொங்கியது, நான் அதன் மேல் துணி காயப்போட்டேன். நாலு மணியிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீடு பதினைந்து அடி. அசானோவுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும், சிரித்து நான் பார்த்ததில்லை. இருட்டுகிற நேரத்தில் வேலையிலிருந்து வருவாள், அவள் வாசலில் செருப்பு எப்போதும் நுனி வெளியே பார்த்தபடி இருக்கும். அவளிடம் போய் என்ன சொல்வது. மன்னிக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல் கடையில் கூட்டத்தை விலக்கவும் உதவுகிற சொல். பத்தொன்பது நாளுக்கு அது போதுமா.

கட், கட். இப்போது மிக அருகில், என் பல்லில் பட்டது. குரல் இல்லை. காலடி நின்றது. கதவின் பால்கண்ணாடியில் இரண்டு உருவங்கள், ஒன்றின் கையில் கூம்பிய வெளிச்சம். அவர்கள் என் வாசலில் நிற்கிறார்கள், இரண்டு வீடு தாண்டி இல்லை, என் வாசலில். பெண்குரல் கூப்பிட்டது. நான் இதழினியை வாரி எடுத்துத் தோளில் போட்டேன். பலகைக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு, இல்லை என்று ஒன்று, விளக்கை அணைக்கலாம் என்று ஒன்று, எரிந்ததை இதற்குள் பார்த்திருப்பார்கள் என்று ஒன்று. மறுபடி கூப்பிட்டாள். பிறகு கதவு சறுக்கியது. டம்ளர்கள் நான்கும் போயின. ஒன்று செருப்பு அலமாரியில் மோதியது, ஒன்று கல் தரையில் சுற்றிச் சுற்றி, நிற்கப் போகிறேன் நிற்கப் போகிறேன் என்று சொல்லி நிற்காமல் சுற்றியது. பிள்ளை வீறிட்டாள். வாசலில் அசானோ ஒரு காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றாள், அவள் பின்னால் நாவிதர், கழுத்தில் கயிற்றில் கோத்த இரண்டு கட்டைகளோடு, இடுப்பு வரை குனிந்து குனிந்து மன்னிப்புச் சொன்னார். நான் என்ன செய்தேன் என்பதை அப்படியே எழுத வேண்டும். பலகையை எடுத்தேன், படி வரை போனேன், ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் நீட்டினேன், “எக்ஸ்க்யூஸ் மீ மிஸ், சர்க்குலர்” என்றேன்.

அசானோ பலகையை வாங்கினாள். வெறும் கட்டத்தைப் பார்த்தாள். கவ்வியில் இன்னும் தொங்கிய எச்சில் துணியை எடுத்து, இரண்டாக மடித்து, அலமாரி மேல் வைத்தாள். பிறகு பேசினாள், நீளமாக, குரல் உயராமல். நான் போனை நீட்டினேன். அது செய்தி வாசிக்கிற தமிழில் சொன்னது.

“பத்தொன்பது நாட்கள். குப்பை எடுக்கும் கிழமை மாற்றப்பட்டதை நான் அறியவில்லை. எனது பை சிவப்பு ஒட்டுச்சீட்டுடன் எனது வாசலில் மூன்று நாட்கள் இருந்தது. அனைவரும் கண்டனர்.”

நாவிதர் போனிடம் குனிந்து ஏதோ சொன்னார். “அவர் அந்தப் பையுடன் வந்து என்னிடம் சண்டையிட்டார்” என்றது போன். அசானோ திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கட்டைகளைக் காட்டி, தீ, கவனம், என்று கையால் ஜுவாலை செய்துகாட்டினார். குளிர்காலத்தில் அடுப்பையும் ஹீட்டரையும் அணைக்கச் சொல்லி முறைவைத்துத் தெருவைச் சுற்றுகிறார்களாம், அதுவும் பலகையில் இருந்ததாம், இன்று எங்கள் வீட்டு முறையாம், நான் வராததால் நாவிதர் அசானோவை அழைத்துக்கொண்டு கிளம்பினாராம். இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றவில்லை. பயம் ஒரு பொருளிலிருந்து இறங்கி அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தது. அசானோ கதவை ஒருமுறை முன்னும் பின்னும் சறுக்கினாள், பித்தளைத் திருகை விரலால் தொட்டாள்.

“இது ஏன் போடப்படவில்லை?”

“மறந்துட்டேன்” என்றேன். வாசிக்கத் தகுந்த தப்பு.

அவள் தரையில் கிடந்த டம்ளரை எடுத்தாள், அடியைத் திருப்பிப் பார்த்தாள், படி மேல் வைத்தாள். “நான்கு குவளைகளை அடுக்க மறக்கவில்லை” என்றது போன்.

நான் விழுந்துட்டம்னா பிள்ளைகிட்ட யாரு வருவா என்றேன், போன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புரியவில்லை என்றது. மறுபடி சொன்னேன், மறுபடி புரியவில்லை. கடைசியில் பாடப்புத்தகம் வாசிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக, சொன்னேன். நான் மயங்கி விழுந்தால், கதவு பூட்டியிருந்தால், என் குழந்தையிடம் யாரும் வர முடியாது. முன்பே ஒரு முறை விழுந்தேன். அந்தத் தமிழில் சொன்னபோது அது வேறு யாருக்கோ நடந்தது மாதிரி, தெளிவாக, முழுசாக எனக்கே கேட்டது. அம்மாவிடமும் இவரிடமும் சொல்லாததை இவர்கள் பாஷையில் போன் சொல்லிக்கொண்டிருந்தது. நாவிதர் கட்டைகளைச் சத்தம் வராமல் கையில் பிடித்துக்கொண்டார்.

அசானோ பிள்ளையைப் பார்த்தாள், கைகள் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன. குப்பைப் பையைச் சொன்ன அதே குரலில் பேசினாள், இன்னொரு புகார் மாதிரி.

“நான் காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்படுகிறேன். உங்கள் சமையலறை விளக்கு ஐந்து முப்பதுக்கு எரியும். ஒன்பதாம் தேதி எரியவில்லை. நான் இங்கே நின்றேன். ஐந்து ஐம்பத்தைந்துக்கு எரிந்தது. எனது பேருந்து சென்றுவிட்டது.”

ஒன்பதாம் தேதி. விழுந்ததற்கு மறுநாள். தலை கனத்து, நேரம் போனது தெரியாமல் கிடந்தேன். இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டில் ஒருத்தி கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருக்கிறாள், என் விளக்கைப் பார்த்துக்கொண்டு. என் முப்பது மணி நேரக் கணக்கில் அவள் இல்லை. அதில் அவளை எங்கே வைப்பது என்று பார்க்கிறேன், எங்கே வைத்தாலும் மொத்தம் மாறுகிறது.

“இனி எரியாவிட்டால் கண்ணாடியை உடைப்பேன்” என்றாள்.

“இந்தக் கட்டையால் கூடாது. இது தெருச் சங்கத்தின் பொருள்” என்றார் நாவிதர்.

“குளியல்?” என்று கேட்டேன். அதற்கு எனக்கே அவர்கள் சொல் தெரிந்திருந்தது. அவள் சுவரைக் காட்டினாள். அவள் வீட்டுக் குளியலறை ஜன்னலும் என்னுடையதும் எதிரெதிரே, ஒரு கை நீளம். போகுமுன் ஜன்னலில் தட்ட வேண்டும், வந்ததும் தட்ட வேண்டும். இரண்டாவது தட்டு வராவிட்டால் அவள் வருவாள். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பாள், ஆகவே அதற்குமேல்தான் குளிக்க வேண்டும். பகலில் அடுத்த வீட்டில் யாருமில்லை என்பதை மறக்கக் கூடாது. எல்லாவற்றையும் பேருந்து நேரம் சொல்வது போல் சொல்லிவிட்டு, பலகையில் எங்கள் கட்டத்தைக் காட்டினாள். முத்திரை இல்லை என்று கையை விரித்தேன். பேனாவைக் கொடுத்தாள். தமிழில் கோமதி என்று எழுதினேன், கட்டம் சிறியது, தி வெளியே போய்விட்டது. அவள் அதைத் தலை சாய்த்துப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். “ரோந்து நாளை என்னுடையது. உங்களுடையது நாளை மறுநாளுக்கு மாற்றப்படுகிறது. குழந்தைக்குத் தொப்பி அணிவிக்கவும்” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு வெளியே போய் அவளே கதவைச் சாத்தினாள். நான் படியில் நின்றேன், இதழினி விக்கிக்கொண்டு என் காதைப் பிடித்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உருவம் நகரவில்லை. அவள் குரல் வந்தது, போன் என் கையில் இன்னும் விழித்திருந்தது. “போடவும். கேட்டுவிட்டுச் செல்கிறேன்.” ஒரு கையால் திருகைத் துளையில் வைத்துத் திருப்பினேன். பிடிக்கவில்லை. பதினோரு நாளில் கதவு குளிருக்குச் சற்று இறங்கியிருக்க வேண்டும், துளைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வரவில்லை. மறுபடி திருப்பினேன், இழை வழுக்கியது. அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கண்ணாடியில் அவள் தோள் பெரிதாகி, கறுப்பாகி, கதவோடு ஒட்டியது, அடியில் விரல்கள் நுழைந்து கதவை ஒரு நூல் தூக்கின. பிள்ளையைக் கீழே இறக்காமல், முழங்காலால் உள்பக்கம் முட்டுக் கொடுத்துத் திருப்பினேன். இழை பிடித்தது. ஒரு சுற்று. இன்னொன்று. பித்தளை என் கைச்சூட்டில் வெதுவெதுப்பாகியது. திருகத் திருக உள்ளே போனது, பிறகு அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றது.